டத்தோ கைதட்டும் பதினோரு பேரும்

சுகன்யா, தினேஷ், இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன்.

போன வாரம் சுகன்யா ஜொகூரிலிருந்து ஒரு பாட்டை அனுப்பினாள். "அப்பா, இது நீங்க சவுண்ட் பண்ண ஷோதானே? ஏழாங்கட்டைன்னு போட்டிருக்கு. நடுவுல எப்பிடிக் கை தட்றாங்க கேளுங்க, ஸ்டேடியம் மாதிரி இருக்கு! எத்தன பேருப்பா வந்தாங்க?" என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே தினேஷ், "நீங்க கல்யாணத்துக்கு மைக் கட்ற ஆளுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தோம்" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டிருந்தான்.

போனில் பதில் அடிக்க உட்கார்ந்தேன். விரல் வரவில்லை. அதனால்தான் நோட்டுப் புத்தகம். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் பதினோரு பேர். அந்தப் பெரிய கைதட்டு அவர்கள் தட்டியது இல்லை. அது நான் செய்த காரியம்.

கேரி தீவுத் தோட்டத்திலிருந்து நான் வெளியே வந்ததும், லோரி லைசன்ஸ் எடுத்ததும், பிரிக்பீல்ட்ஸில் பொன்னம்பலம் அண்ணனுடைய சவுண்ட் சிஸ்டம் கடையில் டிரைவராகச் சேர்ந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. இரண்டு வருடம் லோரி ஓட்டினேன், ஸ்பீக்கர் தூக்கினேன். ஒருநாள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் ஆள் காய்ச்சலில் படுத்துவிட, அண்ணன் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அதிலிருந்து எழுந்தது போன வருடம்தான்.

பொன்னம்பலம் அண்ணன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க். இவரையும் அரசாங்க உத்தியோகத்துக்குத்தான் படிக்க வைத்தார்கள். இவரோ சவுண்ட் கடை வைத்தார். ஆனாலும் ஆபீஸ் போகிற மாதிரியே முழுக்கை சட்டை, இஸ்திரி மடிப்பு. லோரியில் ஏறும்போதும் அதுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வயரை முழங்கையில் சுற்றி மடக்குகிறவனைக் கண்டால் மட்டும் முகம் மாறும். பேசாமல் போய் அதை வாங்கி, முழுக்க அவிழ்த்து, ஒரு வளையம் உள்பக்கம், ஒரு வளையம் வெளிப்பக்கமாகக் கையிலேயே மடித்துக் கொடுப்பார். அப்படி மடித்தால்தான் அடுத்த முறை வீசும்போது முறுக்கில்லாமல் ஓடும். மூன்றாவது முறையும் முழங்கையில் சுற்றினால், "தம்பி, நீ நாளைக்கு வீட்டில இரு" என்பார். அவ்வளவுதான்.

மண்டபத்துக்குள் போனால் முதலில் பெட்டியை இறக்க விடமாட்டார். நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். அந்தச் சத்தம் எங்கே போய், எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்று கேட்பார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து ஆட்டுவார். என்னைக் கடைசி மூலைக்குப் போகச் சொல்வார்.

"மணியம், கேட்குதா?"

"கேட்குதுண்ணே, நல்லா கேட்குது."

"நல்லா கேட்டால் நல்லதில்லை. மண்டபம் காலி. ஆள் நிறைஞ்சா இது கேட்காது."

மனிதர்களின் உடம்பும் துணியும் மேல் சத்தத்தைக் குடித்துவிடும். சாவி, ஜால்ரா, 'ஸ்' என்கிற எழுத்து எல்லாம் மேல் சத்தம். முந்நூறு பேர் உட்கார்ந்துவிட்டால் அது பாதி வழியிலேயே காணாமல் போகும். காலி மண்டபத்திலோ சுவரில் பட்டுப் பட்டுக் காதைக் குத்தும். அதனால் ஷோ தொடங்குவதற்கு முன்னால் மிக்சர்காரன் எழுந்து நின்று தலை எண்ண வேண்டும். எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி மேல் சத்தத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். அண்ணன் சொல்லிக்கொடுத்த முறை அது. "வந்தவனுக்கு சவுண்ட் வை. வராதவனுக்கு வைக்காதே" என்பார்.

எங்களுக்குச் சோறு போட்டவை கல்யாணமும், கோயில் திருவிழாவும், கம்பெனி விருந்தும்தான். விருந்துகளில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருவார். அவர் வாசலில் நுழையும்போது சனங்கள் கோழியில் கை வைத்திருப்பார்கள், தட்ட மாட்டார்கள். ஏற்பாட்டுக்காரர்களுக்கு அது மானப் பிரச்சினை. அதற்காகவே ஒரு டிஸ்க் வைத்திருந்தோம். பொத்தானை அழுத்தினால் இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று தட்டுகிற சத்தம் வரும், நடுவில் ஒருவன் விசிலடிப்பான். அதைக் கேட்டு உண்மையான ஆட்களும் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'டத்தோ கைதட்டு'. மிக்சருக்குப் பக்கத்தில் அது எப்போதும் தயாராக இருக்கும்.

இதற்கெல்லாம் நடுவில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு, கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி மண்டபத்தில் வேறு வேலை. இரவு நேரமெல்லாம் பிரபலப் பாட்டைப் பாடுகிற குழுக்களுக்குப் போய்விடும். யாருக்கும் வேண்டாத அந்த மூன்று மணியைத்தான் சொந்தமாகப் பாட்டுக் கட்டி வாசிக்கிற சில பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். புரோகிரசிவ் ராக் என்று பெயர். ஒரு பாட்டு கால் மணி நேரம் ஓடும். ஆட முடியாது, கூடவே பாட முடியாது. தாளம் ஏழில் போகும், திடீரென்று ஐந்துக்குத் தாவும். முதல் முறை கேட்டபோது எனக்குத் தலைவலி. நாலாவது முறை ஸ்பீக்கரை லோரியில் ஏற்றும்போது என் கால் ஏழு தட்டிக்கொண்டிருந்தது.

ஆள் வரமாட்டார்கள். இருபது பேர் வந்தால் பெரிய ஷோ. அதிலும் பாதிப் பேர் வேறு குழுவில் வாசிக்கிறவர்கள். இவன் ஷோவுக்கு அவன் வருவான், அவன் ஷோவுக்கு இவன். எல்லாக் குழுவும் ஒரே நாளில் வாசித்தால் கேட்க ஆளே இல்லை. மற்றவர்கள் "வரேன் லா" என்பார்கள். நம் ஊரில் 'வரேன்' என்றால் வருவான், 'வரேன் லா' என்றால் வரமாட்டான். இது நான் முப்பது வருடத்தில் கண்ட உண்மை.

அண்ணன் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். நூற்றிருபது நாற்காலி இருந்தால் முப்பதைத்தான் விரிப்பார். பின்பாதியை மறைத்துக் கனமான கறுப்புத் துணியைத் தொங்கவிடுவார். எதிரொலியும் குறையும், காலி இடமும் தெரியாது. "வாசிக்கிறவன் கண்ணு நாற்காலி எண்ணக் கூடாது" என்பார்.

என் முறை ஒன்றும் இருந்தது. உங்கள் அம்மா. 'அம்மா ஞாயித்துக்கெழம எங்க போறாங்க' என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பீர்களே, சித்தி வீட்டில் உங்களை விட்டுவிட்டு அவள் கிள்ளானில் ரயிலேறி அங்கேதான் வருவாள். பக்கத்து வீட்டு மேரி ஆன்டியையும் இழுத்துக்கொண்டு. பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய காய்கறிப் பை மடியில் இருக்கும். "ரெண்டு தலை கூட இருந்தா அந்தப் புள்ளைங்களுக்கு மனசுக்கு நல்லா இருக்கும்ல" என்பாள். அவள் படியேறும்போதே கண்ணாடி வளையல் சத்தம் முன்னால் வந்துவிடும். ஒரு நாள் அண்ணன் சிரித்துக்கொண்டே, "லெட்சுமி, என் சாவிக் கொத்தைவிட உன் வளையல் மண்டபத்தை நல்லா சொல்லுது" என்றார். அம்மா இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினாள். அவர் உண்மையாகவே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

ஏழாங்கட்டை கிள்ளான் பிள்ளைகளின் குழு. அவர்கள் ஒத்திகை பார்த்த டயர் கடை மாடி ஏழாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. மைலைக் கட்டை என்பதுதானே நம் பேச்சு, அதனால் அந்தப் பெயர். நால்வரில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். கித்தார் ஜெகன், பண்டமாரான் ஊர்ப் பையன், துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்குகிற கிரேன் ஓட்டுகிறவன். கீபோர்டு மெய் லிங், சிறுபிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். எட்டு வருடம் சேர்ந்து வாசித்தார்கள். மெய் லிங்குக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, செவ்வாய்க்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஷோ.

அன்று காலை படிக்கட்டில் நான் வயரைத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மலாயும் இங்கிலீசுமாகப் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அம்பது பேர் வந்தா வேற கீபோர்டு ஆள் தேடுவேன்," என்றான் ஜெகன். "வர்லன்னா இன்னியோட போதும். கித்தாரை வித்துடறேன்."

"ஐயோ, அம்பதா? நாம கல்யாணம் பண்ணி சாப்பாடு போட்டாக்கூட அம்பது வராது லா."

"எழுபது பேர் வரேன்னு ஃபேஸ்புக்ல தட்டியிருக்காங்க."

"அவங்க தட்றதுக்குத்தான் வருவாங்க. கேக்க வரமாட்டாங்க."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாற்காலி அம்பது போடுங்க" என்றான். போட்டேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, கறுப்புத் துணியை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்.

அன்றைக்கு வாசிக்கப்போவது ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். கிள்ளான் ஆற்றில் கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும்தான் விஷயம், வார்த்தை கிடையாது. அதைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தான் ஜெகன். அவர்கள் நாலு பேரும் சேர்ந்து அதை வாசிக்கிற கடைசித் தடவை. மேடையிலிருந்து வருகிற சத்தத்தோடு மண்டபத்தின் சத்தமும் சேர வேண்டும் என்று இரண்டு மைக்கை நாற்காலிகளுக்கு மேலே தொங்கவிட்டேன். சவுண்ட்செக்கில் முதலில் பெரிய டிரம், அப்புறம் பேஸ், கித்தார், கடைசியில் கீபோர்டு. பாட்டின் முதல் நாலு நிமிடமும் உரக்க வாசிக்கிற முடிவும் பார்த்தோம்.

"நடுவுல?" என்றேன்.

"நடுவுல தண்ணி வத்துற எடம். ஒரு நிறுத்தம் வரும்ணே. அதுக்கு சவுண்ட்செக் வேணாம், ஒண்ணுமே இருக்காது."

சரி என்று விட்டுவிட்டேன். அதுதான் என் முதல் தவறு. ஒன்றுமே இல்லாத இடம் எவ்வளவு நீளம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று மணி. வந்தவர்கள் ஜெகனின் அம்மாவும் சின்னம்மாவும். துறைமுக நண்பர்கள் மூன்று பேர். மெய் லிங்கின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். இந்த மாதிரி ஷோ எதையும் விடாத ஒரு வயதான சீனர், எப்போதும் ஒரு காகிதப் பையோடு. பத்தாவதாக, மேல்மாடியில் இன்சூரன்ஸ் கூட்டத்துக்கு வந்து தவறிப்போய் இங்கே நுழைந்து, ஏர்கோன் குளிர் நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்ட ஒருவர். ஒன்பது பேர் என்று எண்ணி முடிக்கும்போது படியில் வளையல் கேட்டது. அம்மாவும் மேரி ஆன்டியும் வந்தார்கள். அதாவது அந்த இன்சூரன்ஸ்காரர்தான் ஒன்பது, இவர்கள் பத்தும் பதினொன்றும். பாருங்கள், இன்றைக்கும் எண்ணிப் பார்த்தால் தடுமாறுகிறது.

ஜெகன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "பார்க்கிங் இல்லன்னா ரயில்ல வாடா... சரி, சரி. பரவால்ல." வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான். கீழே பூக்கடையிலிருந்து பேச்சு வந்தது, மேலே பாலத்தில் ரயில் ஒன்று போனது. மூன்று இருபது.

அண்ணன் அவன் தோளைத் தொட்டார். "தம்பி, வந்தவங்களைக் காக்க வைக்காதே."

தொடங்கினார்கள். அவர்கள் எத்தனையோ முறை வாசித்து நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி வாசித்ததில்லை. தண்ணீர் ஏறுகிற இடத்தில் பேஸ் என் நாற்காலியை உலுக்கியது. ஆனால் நான் பாட்டைக் கேட்கவில்லை. அந்த முப்பத்தொன்பது காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கித்தாரை விற்கப்போகிறான், விற்கப்போகிறான் என்றே மனசு அடித்துக்கொண்டது. பதினான்காவது நிமிடம் சத்தம் ஒவ்வொன்றாகக் கழன்றது. டிரம் நின்றது. பேஸ் நின்றது. ஜெகன் கம்பிமேல் உள்ளங்கையை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒருவரும் தட்டவில்லை.

மூன்று வினாடி, நான்கு வினாடி. பதினோரு பேரும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு வருடம் வாசித்த பிள்ளைகளுக்கு ஒரு கைதட்டுக்கூட இல்லையா? கை தானாக நகர்ந்தது. பொத்தானை அழுத்தினேன்.

இரண்டாயிரம் பேர் எழுந்து தட்டினார்கள். விசிலடித்தார்கள்.

ஜெகனின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். கறுப்புத் துணிதான் இருந்தது. அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். பிள்ளைகளே, என் வேலை வாழ்க்கையில் எதை மறந்தாலும் அதை மறக்க முடியவில்லை.

மூலையில் அண்ணன் கையை உயர்த்தியபடி நின்றார், 'வேண்டாம்' என்பதுபோல. உங்கள் அம்மா நேராக என்னைப் பார்த்தாள். அப்போதுதான் மேடையில் மெய் லிங்கின் வலது கை கீபோர்டுக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தேன். டிரம்காரன் கால் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு ஏழாக நான்கு சுற்று. பாட்டு முடியவில்லை.

சத்தத்தை இறக்கினேன். டிரம்காரன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். அப்புறம் அவள் ஒற்றை விரலால் ஒரே ஒரு சுரத்தைத் தொட்டாள். கடைசி ஒன்பது நிமிடம் நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. ஒரு வினாடி, இரண்டு வினாடி. முதலில் தட்டியது உங்கள் அம்மா, பஜனையில் தட்டுவதுபோல இரண்டு கையையும் விரித்து. அப்புறம் எல்லாரும்.

ஜெகன் நேராக மிக்சருக்கு வந்தான்.

"அண்ணே, அது என்னாண்ணே?"

"யாரும் தட்டலையேன்னு தம்பி... மனசு கேக்கல."

"முடியலண்ணே. முடியலன்னு அவங்களுக்குத் தெரியும், அதான் தட்டல." அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினான். "பதினோரு பேரும் மூச்சு விடாம இருந்தாங்கண்ணே. நா தலைய குனிஞ்சிக்கிட்டு அதத்தான் கேட்டேன். எட்டு வருசத்துல அந்த மாதிரி எங்களுக்குக் கெடச்சதே இல்ல. அம்பது பேரெல்லாம் மறந்துபோச்சு எனக்கு, அந்த நாலு வினாடி."

நான் மிக்சரின் பிடிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். அண்ணன் வந்து டிஸ்க்கை வெளியே எடுத்து, இஸ்திரி போட்ட சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "இது டத்தோமாருக்கு இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, வயரை மடக்கும்போது, "வராதவனுக்கு சவுண்ட் வச்சிட்டியே மணியம்" என்றார். திட்டியது அவ்வளவுதான்.

அன்றைக்கு லோரியை அண்ணன் ஓட்டினார். நானும் அம்மாவும் மேரி ஆன்டியும் ரயிலில் கிள்ளானுக்கு வந்தோம். சுபாங் ஸ்டேஷன் தாண்டியதும் அம்மா தொடங்கினாள்.

"பாட்டு முடியலன்னு எனக்கே தெரிஞ்சிச்சு. அந்தச் சீனப் புள்ள கைய தூக்கி வச்சிக்கிட்டே இருந்துச்சுல்ல. பாக்கலையா நீங்க?"

"பாக்கல."

"எப்பிடிப் பாப்பீங்க? வராதவங்களையே எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

மேரி ஆன்டி பையிலிருந்த முருங்கைக்காயை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கள் பேச்சு காதில் விழாத மாதிரி.

ஏழாங்கட்டை அதோடு நின்றது. பதிவை ஜெகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கைதட்டை வெட்டித் தருகிறேன் என்றேன். "வெட்டாதீங்கண்ணே. வெட்டுனா அடியில இருக்கிற அந்த அமைதியும் சேந்து போயிரும்" என்றான். சுகன்யா அனுப்பிய பிறகு அவனுக்குப் போன் போட்டேன். இணையத்தில் போட்டது மெய் லிங்காம். கித்தாரை விற்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறானாம். "ஒரு ஆளுண்ணே, ஆனா ஹவுஸ்ஃபுல்" என்று சிரித்தான்.

பொன்னம்பலம் அண்ணன் போய்விட்டார், கடை மூடிவிட்டது. அப்புறம் இன்னொரு கம்பெனியில் இருந்தேன். அங்கே ஒரே ஆள், கையில் ஒரு டேப்லெட், மண்டபமெல்லாம் நடந்துகொண்டே மிக்ஸ் செய்கிறான். நன்றாகவே செய்கிறான். நான் வேலையை விட்டது அதனால் இல்லை. ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். பேச்சு கேட்கிறது, டிரம் கேட்கிறது. மேல் சத்தம் மட்டும் போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர். அப்படிப்பட்டவன் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

எத்தனை கல்யாணத்துக்கு மைக் கட்டினேன், ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை. அந்த ஞாயிறு மூன்று மணிகள்தான் கூப்பிடுகின்றன. விரித்த நாற்காலி, தொங்குகிற கறுப்புத் துணி, படியில் முதலில் ஏறி வருகிற அந்தச் சத்தம். அம்மா போய் இந்த ஆடியோடு மூன்று வருடம்.

சுகன்யா அனுப்பியதைத் தினமும் போடுகிறேன். கைதட்டு வருகிற இடத்தைத் தாண்டிவிடுங்கள், அது பொய். கடைசிக்குப் போங்கள். பாட்டு முடிந்து இரண்டு வினாடி ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரே ஒரு ஆள் தட்டுகிற சத்தம், அதற்குப் பின்னால் மற்றவர்கள். தட்டுவது எனக்குக் கேட்கிறது, மொத்தையாக, தலையணையில் தட்டுவதுபோல. அதற்கு மேலே ஒன்று இருக்க வேண்டும். மைக் அவள் தலைக்கு மேலேதான் தொங்கியது. மண்டபத்தில் ஐம்பது பேர் வந்திருந்தால் அவர்கள் உடம்பு அதைக் குடித்திருக்கும், பதிவில் ஏறியிருக்காது. பதினோரு பேர்தான் என்பதால் கட்டாயம் ஏறியிருக்கும்.

காதில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் கேளுங்கள். வளையல் சத்தம் இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். வேறு ஒன்றும் பேச வேண்டாம். 'கேட்குதுப்பா' என்று மட்டும் சொல்லுங்கள்.